குணசீலத்துக்கும் சோழமண்டலத்துக்கும் நடுவே

மூளை வேறு மாதிரி இயங்கும் கலைஞனைப் பைத்தியம் என்போம், இல்லையென்றால் தெய்வப் பிறவி என்போம். நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்க மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினால், காவிரியின் வடகரையை ஒட்டிப் போகும் சேலம் சாலையில் இருபது கிலோமீட்டர் தாண்டிக் குணசீலம் வரும். பிரசன்ன வெங்கடாசலபதி கையில் செங்கோலோடு நிற்கும் தலம். மனம் பேதலித்தவர் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டவரை இங்கே அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைப்பார்கள். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் அவர் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் கருகிய பிறகு இத்தகைய இடங்கள் மீது அரசின் பார்வை திரும்பியது. குணசீலத்தில் இன்று கோயிலோடு சேர்ந்து மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு.

திருச்சிப் பக்கம் யாராவது கொஞ்சம் கோணலாகப் பேசினால் போதும், “இவனைக் குணசீலம் கூட்டிட்டுப் போங்கப்பா” என்று ஒரு குரல் வரும். கேலிதான். ஆனால் அந்தக் கேலியைக் கேட்டே வளர்கிற பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார்கள், கூட்டத்தில் காதைப் பொத்திக்கொள்வார்கள், ணகர னகரம் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் நோட்டில் இடம் மாறி விழும். அதே பிள்ளை ஒரு முறை கேட்ட கீர்த்தனையைச் சங்கதி பிசகாமல் பாடும், அல்லது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மலைக்கோட்டையைப் படி படியாக வரைந்து வைத்திருக்கும்.

ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏ.டி.எச்.டி. போன்றவற்றை மூளையின் பழுது என்று பார்க்காமல், மனித மூளைகளுக்குள் இயல்பாக உள்ள வேறுபாடு என்று பார்க்கும் எண்ணம் 1990களின் இறுதியில் உலகில் வலுப்பெற்றது. நரம்பியல் பன்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநிலை ஆகியவற்றையும் இதே குடையின் கீழ் சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆட்டிசம் நோயல்ல, அதற்கு மருந்தும் வேண்டாம். மனச்சிதைவோ வந்தவரை வதைக்கிற நோய், அதற்கு மருந்து கட்டாயம் வேண்டும். ஆனால் இரண்டிலும் ஊர் நடந்துகொள்கிற விதம் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே கலைஞனின் நிலை என்ன என்று பேசும்போது இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

அப்படிப் பேசத் தமிழ்நாட்டில் ஒரு பெயரை விட்டுவிட முடியாது. கே. ராமானுஜம்.

தொப்பி போட்ட இளவரசன்

ராமானுஜம் திருச்சிக்காரர் அல்ல. சென்னையில், ஆசாரமான வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. பேச்சு எளிதில் வராது, வந்தாலும் பிறருக்குப் புரியாது. அவருக்கு மனச்சிதைவு இருந்தது என்றே அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் சேர்ந்தார். பணிக்கரின் முன்னெடுப்பில் 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அங்கே போய் வாழ்ந்தார். 1973ல், முப்பது வயதைச் சற்றே தாண்டிய நிலையில், அங்கேயே தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

இவ்வளவுதான் வாழ்க்கைக் குறிப்பு. இதை மட்டும் படித்துவிட்டு “ஐயோ பாவம்” என்று பக்கத்தைத் திருப்புகிறவர்கள் அவருடைய ஒரு படத்தையாவது பார்த்துவிட வேண்டும்.

பேனாவும் கறுப்பு மையும் கொண்டு அவர் வரைந்த கோட்டோவியங்களில் வெற்றிடம் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாடத்துக்குள் மாடம், கோபுரத்துக்குப் பின்னால் கோபுரம், தூண்களைச் சுற்றிக்கொண்டு நாகங்கள், சிறகு முளைத்த விலங்குகள், படகுகள், பெண்கள், கடவுளர். கோடு எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. எண்ணெய் வண்ணத்தில் செய்தவையும் உண்டு, சென்னை கன்னிமாரா ஓட்டலுக்காகச் செய்த பெரிய சுவரோவியமும் உண்டு. ஆனால் அவருடைய பிடிவாதம் முழுதாகத் தெரிவது மைக்கோட்டில்தான்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ஒருவர் இந்தப் படங்கள் முன் நின்றால் திகைப்பு வராது, பரிச்சயம்தான் வரும். ராயகோபுரம் இருந்த இடத்தில் 1987ல் முழுமை பெற்ற 236 அடி ராஜகோபுரத்தில் நுழைந்து, சித்திரை வீதி, உத்திர வீதி என்று ஒவ்வொரு சுற்றாகக் கடந்து உள்ளே போகிறவருக்கு, ஊருக்குள் ஊர் இருப்பதில் ஆச்சரியம் ஏது? ஏழு பிராகாரத்தையும் தட்டையாக்கி ஒரே தாளில் மடித்து வைத்தால் எப்படியிருக்கும், அதுதான் ராமானுஜத்தின் நகரம். சேஷராயர் மண்டபத்தில் ஒரே கல்லில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைப் பாருங்கள். குதிரை மேல் வீரன், குதிரைக்குக் கீழே வேட்டை, அதற்கும் கீழே இன்னொரு உருவம் என்று கல் தச்சன் ஓர் அங்குலத்தையும் சும்மா விடவில்லை. அந்தத் தச்சனைப் பார்த்து யாரும் மனநோய் என்று சொன்னதில்லை. நாயக்கர் காலப் பாணி என்றோம். ராமானுஜம் அதே நெருக்கத்தைத் தாளில் கொண்டுவந்தபோது மட்டும் அது நோயின் அறிகுறி ஆகிவிட்டது.

இங்கேதான் கவனம் வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்கள் வெற்றிடம் விடாமல் வரைவார்கள் என்ற பேச்சு ஐரோப்பாவில் நூறாண்டுக்கு மேலாக இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர மனநல விடுதியில் அடைபட்டு வாழ்ந்த அடால்ஃப் வோல்ஃப்லி ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படத்தாலும் எழுத்தாலும் இசைக்குறியாலும் நிரப்பினார். அவரைப் பற்றி அவருடைய மருத்துவரே 1921ல் புத்தகம் எழுதினார். பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே இத்தகைய படைப்புகளைத் தேடிச் சேர்த்து, அவற்றுக்குத் தனி வகை ஒன்றை வகுத்தார். பயிற்சி பெறாதவர்கள், கலை உலகத்துக்கு வெளியே நின்றவர்கள் என்பது அந்த வகையின் இலக்கணம். ராமானுஜத்தை அதில் போட்டு அடைப்பது சுலபம், ஆனால் தவறு. அவர் கல்லூரியில் கற்றவர். எஸ்.ஜி. வாசுதேவ் போன்றோர் உடன் வரைந்த காலத்தில், கோடு என்பதையே உயிராகக் கருதிய மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் நடுக்கூடத்தில் இருந்தவர்.

இந்த இயக்கத்தில் நம் திருச்சி மாவட்டத்துக்காரர் ஒருவரும் உண்டு. துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938ல் பிறந்த கே.எம். ஆதிமூலம். காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும் ராமானுஜத்தின் கனவு நகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கல்லூரியின் மை என்று தெரியும். ஆதிமூலத்தின் கோடு பாய்ந்து போகும். ராமானுஜத்தின் கோடு உட்கார்ந்து முடிச்சுப் போடும். இருவருக்கும் கோடு என்பதே மொழி. அந்த மொழியில் ராமானுஜம் திக்கியதே இல்லை.

அவருடைய பல படங்களில் தொப்பி அணிந்த ஓர் ஆண் உருவம் வரும். அது அவரேதான். தெருவில் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. தாளிலோ அவர் மாளிகைகளுக்கும் மங்கையருக்கும் விநோத விலங்குகளுக்கும் நடுவே ராஜகுமாரன் மாதிரி உலவுகிறார். நோய் அவருக்கு இந்தக் காட்சிகளைக் கொடுத்ததா என்று கேட்டால், கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த உருவத்துக்குத் தொப்பி வைத்தது, அதைப் படத்தில் எந்த மூலையில் நிறுத்துவது என்று தீர்மானித்தது, நூறு கோபுரங்களை வரைந்தும் தாளின் சமநிலை குலையாமல் பார்த்துக்கொண்டது, இவையெல்லாம் நோயின் வேலை இல்லை. ஓவியனின் வேலை. நோயால் மட்டும் படம் வருமென்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் ஒவ்வொரு வார்டிலும் ஒரு ராமானுஜம் கிடைத்திருப்பார்.

சி. மோகன் இந்த வாழ்க்கையை வைத்து ‘விந்தைக் கலைஞனின் உருவச்சித்திரம்’ என்ற நாவலை எழுதினார். ஓவியர்களைப் பற்றி நாவல் வருவதே தமிழில் அபூர்வம். படித்துவிட்டுப் படங்களைத் தேடிப் போனவர்கள் உண்டு, அதுவே அந்த நாவலின் பெரிய காரியம்.

1973

ராமானுஜம் இறந்த அதே 1973ல், நியூயார்க்கில் பதினைந்து ஆண்டு வாழ்ந்து களைத்துப்போன ஒரு பெண் உடல்நலம் கெட்டு ஜப்பானுக்குத் திரும்பினார். யாயோய் குசாமா. 1929ல் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே பூக்களும் புள்ளிகளும் அறை முழுக்கப் பரவித் தன்னை விழுங்குவதுபோல் மாயக்காட்சிகள் கண்டவர், அந்தப் புள்ளிகளையே தன் கலையாக்கியவர். 1977ல் அவர் தானே விரும்பி டோக்கியோவில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்ந்தார். அதுவே அவருக்கு வீடாயிற்று. பக்கத்திலேயே ஒரு பட்டறை. பகலில் அங்கே போய் வேலை, இரவில் மருத்துவமனையில் தூக்கம். இப்படியே அரை நூற்றாண்டு நெருங்கிவிட்டது. அவருடைய பெரும் புகழ், பெரும் படைப்புகள் பலவும் இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வந்தவை.

இரண்டு பேருக்கும் திறமை இருந்தது, இரண்டு பேருக்கும் மாயக்காட்சி இருந்தது. ஒருவருக்கு மட்டும் ஏற்பாடு இருந்தது. இதுதான் நான் சொல்ல வந்தது.

சோழமண்டலத்தைக் குறைசொல்ல முடியாது. பாடிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில், யாரிடமும் கையேந்தாமல், ஏறத்தாழ 40 கலைஞர்கள் சேர்ந்து 10 ஏக்கர் வாங்கிக் கட்டிய கிராமம் அது. அன்றைய ஈஞ்சம்பாக்கம் சவுக்கும் மணலும். பேச்சு வராத ஒருவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொள்ள அன்று தமிழ்நாட்டில் வேறு எந்த இடம் முன்வந்திருக்கும்? ஆனால் அது ஓவியர்கள் பிழைக்கப் பாடுபட்ட இடம், மருத்துவ இடமல்ல. மனச்சிதைவுக்கு மருந்து 1950களிலேயே வந்துவிட்டது என்றாலும், நோயாளியை வீட்டிலும் வேலையிலும் வைத்தே பார்த்துக்கொள்ளும் முறை நம்மிடம் வேரூன்றவில்லை. மனநல மருத்துவர் சாரதா மேனன் சென்னையில் மனச்சிதைவு உள்ளவர்களுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியது 1984ல்தான். தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது அதற்கும் 13 ஆண்டு கழித்து, 1997ல். அது முதலில் வந்த மாவட்டம் திருச்சி என்பதை நம் ஊர்க்காரர்களே பலர் மறந்திருப்பார்கள்.

1984 என்றதும் இன்னொரு பெயர். ‘ழ’ இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம். இருதுருவ மனநிலையால் அவதிப்பட்டு, சிகிச்சையில் இருந்து, அந்த ஆண்டு 33 வயதில் பெங்களூரில் தற்கொலை செய்துகொண்டார். உயிரோடு இருந்தபோது வந்த தொகுப்பு ஒன்றே ஒன்று, ‘காகிதத்தில் ஒரு கோடு’. அவர் இறந்த விதத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி அவர் கவிதைகளைப் படிக்கிற வழக்கம் நம் சிற்றிதழ்க்காரர்களுக்கு உண்டு. நகரத்தையும் அதிகாரத்தையும் பற்றிக் கிண்டலும் தெளிவுமாக எழுதியவனை இப்படிச் சாவின் வழியாக மட்டும் பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

கோபிகிருஷ்ணன் (1945-2003) வேறு ரகம். உளவியல் அறிந்தவர், மனநல மருந்துகளின் இரு பக்கத்தையும் அறிந்தவர். மனநோயாளிகளின் பேச்சைக் கேட்டு ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ எழுதினார். மருத்துவரின் நாற்காலியில் ஏறி உட்காராமல், எதிர் பெஞ்சிலேயே இருந்துகொண்டு எழுதிய புத்தகம். அவருடைய கதைகளில் மாத்திரை, ஆபீஸ், வாடகை வீடு எல்லாம் ஒரே குரலில் வரும். அழுகைக்கு இடமே இல்லை, சிரிப்பு உண்டு. நோய் தன் அடையாளத்தில் ஒரு பகுதி, அதைவிடப் பெரிய பகுதி தன் நடை என்று காட்டியவர் தமிழில் இவர்தான் என்பது என் கட்சி.

திண்ணையும் கேட்டும்

மீண்டும் நம் ஊருக்கு வருவோம். எழுத்தாளர் சுஜாதாவின் ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், மூளை வேறு மாதிரி இயங்குபவர் வீதிக்கு ஒருவர் வருவார். ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைக்கும், சீண்டும், பிறகு சோறும் போடும். திண்ணை இருந்த காலம் அது. திண்ணையில் ஒருவர் காலை முதல் இரவு வரை தனக்குத் தானே பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் யாரும் போலீஸைக் கூப்பிட மாட்டார்கள். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சீண்டல் சீண்டல்தான், கல்லெறிந்த கதையும் உண்டு. ஆனாலும் ஓர் இடம் இருந்தது. இன்று அந்தத் திண்ணைகள் இடிந்து அடுக்குமாடிகளாகி, கேட்டும் வாட்ச்மேனும் வந்துவிட்டார்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஒரே வரியை நாற்பது தடவை பாடும் பிள்ளையைப் பற்றி அசோசியேஷன் கூட்டத்தில் புகார் வருகிறது.

அந்த நாற்பது தடவையில்தான் சங்கீதம் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சரளி வரிசையை வருஷக்கணக்கில் ஒரே மாதிரி பாடவைப்பது நம் பாடமுறை. மற்ற பிள்ளைகள் அலுத்துக்கொள்ளும் அந்தத் திரும்பச் செய்தல் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு ஆறுதல். தனித்து ஒலிக்கும் ஸ்வரத்தைக் கேட்டவுடன் இன்னது என்று சொல்லும் திறன் மற்றவர்களைவிட இவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. இதைக் கேட்டுவிட்டு எல்லாப் பிள்ளையும் மேதை என்று கிளம்பிவிடக் கூடாது. ஹெலிகாப்டரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து 2005ல் டோக்கியோ நகரம் முழுவதையும் நினைவிலிருந்து வரைந்த லண்டன் ஓவியர் ஸ்டீஃபன் வில்ட்ஷயரைக் காட்டி, “உன் பையன் என்ன பண்றான்?” என்று பெற்றோரைக் கேட்கும் உறவினர்கள் இருக்கிறார்கள். வில்ட்ஷயர் விதிவிலக்கு. பெரும்பாலான பிள்ளைகள் சுமாராகப் பாடும், சுமாராக வரையும், மற்ற பிள்ளைகளைப் போலவே. சுமாராகப் பாட ஒரு பிள்ளைக்கு இருக்கும் உரிமை இவர்களுக்கும் உண்டு.

அதே பிள்ளைக்கு ஒலி நரகமாகவும் இருக்கும். வைகுண்ட ஏகாதசி விடியற்காலை பரமபத வாசல் திறக்கும்போது ஸ்ரீரங்கத்தில் எழும் சத்தம் பக்தருக்குப் புல்லரிப்பு, இந்தப் பிள்ளைக்குக் காதில் ஊசி. ஆனால் அதே உற்சவத்தில்தான் நம்பெருமாளுக்கு வீணை ஏகாந்தமும் நடக்கிறது. மேளம் ஓய்ந்து, வீணை மட்டும். பெருமாளுக்கே சற்று அமைதி தேவை என்று கண்ட ஊர் இது. பாடுகிற பிள்ளைக்காக ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்து, கண் கூசும் விளக்கை அணைத்து, நடுவில் எழுந்து நடந்துவிட்டு வந்து தொடரலாம் என்று ஒரு கச்சேரி நடத்த இந்த ஊருக்கா தெரியாது?

நடப்பது வேறு. ஏப்ரல் 2 ஆட்டிச விழிப்புணர்வு தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். இந்த இரண்டு நாளும் மேடை உண்டு, சால்வை உண்டு, சிறப்பு விருந்தினர் உண்டு. பிள்ளை பாடி முடிப்பதற்குள் கைதட்டல், செல்போன் வெளிச்சம். பாட்டில் சுருதி சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் கல்நெஞ்சன் என்பார்கள். வேறொரு நாளில் அதே பிள்ளையை வழக்கமான கச்சேரிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் செயலாளர் மோட்டுவளையைப் பார்ப்பார். ராமானுஜத்தின் படத்தை நோய்க்குறிப்பாகப் பார்த்ததும் இந்தப் பாட்டைப் பரிதாபமாகக் கேட்பதும் ஒன்றுதான். இரண்டிலும் கலையை யாரும் கவனிக்கவில்லை.

சட்டம் நம் சபாக்களைவிட முன்னால் போய்விட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் மூன்றையும் அதில் சேர்த்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் உண்டு. திருவையாறு அரசு இசைக் கல்லூரியும் கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியும் நமக்குக் கூப்பிடு தூரம். பெற்றோர் இந்த இடங்களைக் கேட்க வேண்டும். புத்தூர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, சான்றுக்கான வழியை அங்கே கேட்கலாம். மனம் கனத்துப் போகிற நாளில், பிள்ளையோ பெற்றோரோ, 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

திருச்சி, ஸ்ரீரங்கம் சபாக்காரர்களுக்கும் கலைக் கல்லூரிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற மார்கழிப் பட்டியலில் ஒரு மாலையை இவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள். தேர்வு வைத்தே எடுங்கள், சலுகை வேண்டாம். மற்றவருக்குத் தரும் சன்மானத்தையே தாருங்கள். அரை மணி போதும் என்றால் அரை மணி. விமர்சகரையும் அழையுங்கள், பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று எழுதட்டும். நோட்டீஸில் பாடகரின் பெயரை மட்டும் போடுங்கள், முன்னால் எந்த அடைமொழியும் வேண்டாம்.